கயிற்றில் தொங்காத கயிற்றுப் புத்தகம்

பிரேசிலின் வடகிழக்கில் செய்யுளாகக் கதை சொல்லும் சின்னப் புத்தகங்களுக்கு இன்று வழங்கும் பெயர் ‘கோர்தெல்’. போர்த்துக்கீசிய மொழியில் ‘கோர்தா’ என்றால் கயிறு. ‘கோர்தெல்’ என்றால் சரடு. சரடு கட்டி, புத்தகங்களை அதில் கவிழ்த்துத் தொங்கவிட்டு விற்றதால் வந்த பெயர் என்பார்கள். போர்ச்சுகலைப் பொறுத்தவரை சரிதான்.

வடகிழக்குச் சந்தைகளில் கதை வேறு. அங்கே எழுதியவரும் விற்றவரும் வாங்கியவரும் ‘ஃபொல்யேத்து’ என்றே சொன்னார்கள். ‘ஃபோல்யா’ என்பது இலைக்கும் தாளுக்கும் பொதுச்சொல், நம் ‘ஏடு’ மாதிரி. அப்படியானால் ஃபொல்யேத்து, சிற்றேடு. பொருளோடு ஒட்டிப் பிறந்த பெயர். தாளை இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம். ஏடுகளும் 8, 16, 32 என்றே வளர்ந்தன. நீண்ட கதைக்கு ‘ரொமான்சி’ என்று தனிப்பெயர். விற்பவர் பெட்டியைத் திறந்து வைப்பார், அல்லது தரையில் பரப்புவார். கூட்டம் சேரும்வரை உரக்கப் பாடுவார். நாயகன் ஆபத்தில் சிக்கும் இடம் வந்ததும் சட்டென நிறுத்திவிடுவார். மிச்சம் தெரிய வேண்டுமா, ஏட்டை வாங்கு! எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாங்கிப் போனார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டது.

கோர்தெல் என்பது ஆய்வாளர்கள் கொண்டுவந்த சொல். போர்ச்சுகலின் சரட்டு நூல்களோடு இவற்றை உறவுபடுத்திப் பார்த்தவர்கள் இட்ட பெயர், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைபெற்றது. பிறகு கவிஞர்களே அதை ஏற்றுக்கொண்டார்கள். 1988-இல் ரியோ டி ஜெனிரோவில் அவர்கள் தொடங்கிய கழகத்தின் பெயரில் கோர்தெல். 2018-இல் பண்பாட்டு மரபாக அரசு அறிவித்தபோதும் கோர்தெல். சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளில் இப்போது உண்மையாகவே சரடு கட்டித் தொங்கவிடுகிறார்கள். பெயர் முந்திக்கொண்டது, கயிறு பின்னால் வந்தது.

எனக்கு ஃபொல்யேத்துவைக் கைவிட மனமில்லை. லெயாந்த்ரோ கோமெஸ் தெ பாரோஸ் (1865–1918) வாயில் இருந்த சொல் அது. தானே எழுதி, அச்சிட்டு, விற்று, அதிலேயே குடும்பம் நடத்தியவர். பிறர் திருடி அச்சிடுவார்கள் என்பதால், இறுதி அடிகளின் முதலெழுத்துகள் தன் பெயராகக் கூடும்படி கோத்து வைத்தார். அவர் இறந்தபின், 1921-இல் பதிப்பாளர் ஜொவாவ் மார்ட்டின்ஸ் தெ அதாய்தெ உரிமையை வாங்கினார். அட்டையில் அதாய்தெயின் பெயர் ஏறியது. கடைசிச் செய்யுளில் கை வைக்கப்படாமல் தப்பிய ஏடுகளை எடுத்து, அடிகளின் இடது ஓரத்தை மேலிருந்து கீழே படித்தால், லெயாந்த்ரோ என்று வரும்.