சின்னமனூர் எழுத்தாளரும் எல்லை கடக்கும் நூல்களும்

கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் 1912இல் பிறந்து, வத்தலக்குண்டில் வளர்ந்து, 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவின் படைப்புகள், இணைய நூலகங்களில் எப்போது தடையின்றிக் கிடைக்கும் என்பதை வாசகர் வாழும் நாட்டின் சட்டமே தீர்மானிக்கிறது. ஆக்கியோரின் இசைவின்றிப் படியெடுப்பதைத் தடுக்கும் உரிமையே பதிப்புரிமை. அதன் காலம் முடிந்து எவரும் வெளியிடலாம் என்னும் நிலையே பொதுவுடைமை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் காப்பளித்தது. 1992இல் அது 60 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டதால், 1998இல் மறைந்த செல்லப்பாவின் நூல்கள், வாரிசுகளோ அரசோ முன்வந்து விடுவித்தாலன்றி, 2059 ஜனவரியில்தான் இங்கே பொதுவுடைமையாகும்.

அமெரிக்காவிலோ 1978க்கு முன் வெளியானவற்றுக்குப் பொதுவாக வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் கணக்கிடப்படுவதால், 1959இல் அச்சான எழுத்துகள் 2055இலேயே விடுபடும். ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு என்னும் வரம்பைக் கொண்டிருந்த கனடா 2022 இறுதியில் 70 ஆண்டுகளுக்கு மாறியது. ஈழத்து வாசகருக்கு உரிய இலங்கைச் சட்டமும் 2003 முதல் 70 ஆண்டுகளையே வரையறுக்கிறது. மாறாக, 1898இல் மறைந்த வத்தலக்குண்டு பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எந்நாட்டிலும் தடையற்றது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ மின்னூலாக்க முயற்சிகள் இவ்வேறுபாடுகளுக்கிடையேதான் இயங்குகின்றன. ஆதலால், பதிப்புரிமை உடையோர் தாமே முன்வந்து நூல்களைப் பொதுவில் வைப்பதே, தமிழ் வாசகர் அனைவருக்கும் ஒரே நாளில் கதவு திறக்கும் வழியாகும்.