ஏறுபாதையும் கரைப்பாதையும்: சிங்க்வே தெர்ரேயில் ஒரு நடைவழி உருவான வரலாறு

இத்தாலியின் வடமேற்கே, லிகூரியக் கடற்கரையில், லா ஸ்பெட்சியா நகரை ஒட்டி மலை நேராகக் கடலில் இறங்கும் ஓர் இடம் உண்டு. மொன்தெரொஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று ஐந்து ஊர்கள் அங்கே வரிசையாக அமைந்துள்ளன. சேர்த்துச் சிங்க்வே தெர்ரே என்பார்கள். மஞ்சளும் செம்மண் நிறமும் இளஞ்சிவப்புமாக வீடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. விடுமுறைக்கு வருகிறவர்கள் ஓர் ஊரில் காலையில் காபி குடித்துவிட்டு, கடலை ஒரு பக்கமும் திராட்சைத் தோட்டத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள். அந்தப் பாதை நூற்றாண்டுகளாக அப்படியே இருந்துவருவதாகவும், தங்களுக்கு முன்னால் மீனவர்களும் உழவர்களும் இதே வழியில் போய்வந்ததாகவும் நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. மொன்தெரொஸ்ஸோவிலிருந்து கொர்னீலியா வரையுள்ள துண்டுகளில் பழைய கழுதைப் பாதைகள் கலந்திருக்கின்றன. ஆனால் ஐந்து ஊர்களையும் கடலோரமாகக் கோத்துச் செல்லும் ஒரே வழி என்ற வடிவத்துக்கு வயது நூறை ஒட்டித்தான் இருக்கும். ஊர்க்காரர்களின் நடை பெரும்பாலும் மேலேறிக் கீழிறங்கும் நடை. வந்தவர்களின் நடை கரையோடு போகும் நடை. முன்னது குறைந்து பின்னது பெருகியது எப்படி, அதற்கு மலை கொடுத்த விலை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்த ஊர்களின் பழைய செல்வம் மீனல்ல, திராட்சை. மொன்தெரொஸ்ஸோவின் உப்பிட்ட நெத்திலி வகை மீனுக்குப் பெயர் உண்டென்றாலும், மற்ற ஊர்களில் வாழ்வு மலைச்சரிவில்தான் நடந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கரை ஜெனோவாவின் ஆட்சிக்குள் வந்தது. அடுத்த நூற்றாண்டில் எழுந்த கோயில்களின் ஆண்டுகளைப் பாருங்கள்: வெர்னாட்சாவின் புனித மார்கரெட் கோயில் 1318, கொர்னீலியாவின் புனித பேதுரு கோயில் 1334, மனரோலாவின் புனித லாரன்ஸ் கோயில் 1338, ரியோமஜ்ஜோரேயின் திருமுழுக்கு யோவான் கோயில் 1340. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் நான்கு சிற்றூர்கள் கல்லில் கோயில் எடுத்திருக்கின்றன. கையில் பணம் புழங்கியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அது மதுவிலிருந்து வந்த பணம் என்றே நான் கொள்கிறேன். அதே நூற்றாண்டில் பொக்காச்சோ தம் ‘தெக்காமெரோன்’ கதையொன்றில் கொர்னீலியாவின் வெள்ளை மதுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஓர் ஊரின் பெயர் நாட்டின் கதையில் மதுவின் அடையாளமாக ஏறிவிட்டதென்றால், அந்த மது வெகுதூரம் போயிருக்க வேண்டும்.

அந்தத் திராட்சை விளைந்த நிலம் இயற்கை தந்ததல்ல. நிற்கக்கூட முடியாத சரிவை வெட்டி, கிடைத்த மணற்பாறைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் மண் நிரப்பி, ஒரு முழ அகலமோ இரண்டு ஆள் அகலமோ சமதளம் உண்டாக்கினார்கள். இப்படி அடுக்கடுக்காகக் கடலிலிருந்து முகடு வரை. இந்தச் சுவரைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். முகப்பில் பெரிய கற்கள், ஒன்றின் இணைப்பு மேலே அடுத்த கல்லின் நடுவில் வரும்படி வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பின்னால் கைப்பிடிச் சல்லிகள் நெருக்கமாக நிரம்பியிருக்கும். மழைநீர் மண்ணில் இறங்கி, சல்லியில் வடிந்து, முகப்பின் இடுக்குகள் வழியாக வெளியேறும். சாந்து பூசியிருந்தால் நீர் உள்ளேயே தேங்கி, ஒரே மழையில் சுவரைத் தள்ளியிருக்கும். சாந்து இல்லாததே அதன் பலம். ஆனால் வேர் புகுந்தோ காட்டுப்பன்றி கிளறியோ ஒரு கல் நழுவினால் சுவர் வயிறு தள்ளத் தொடங்கும். அந்தப் பருவத்திலேயே யாராவது பிரித்து மறுபடி அடுக்கியாக வேண்டும். அதாவது சுவருக்குத் தினமும் அவ்வழியே போகிற ஒரு மனிதர் தேவை.

அந்த மனிதர் போன வழிதான் ஏறுபாதை. ஒரு குடும்பத்துக்கு உரிய நிலம் ஒரே இடத்தில் இருக்காது. கடலருகே ஒரு துண்டு, நடுமலையில் ஒன்று, முகட்டுக்குக் கீழே ஒன்று. அவற்றை இணைக்கச் சுவரிலேயே கல்லை நீட்டிவிட்டுப் படி அமைத்தார்கள். அறுவடைக் கூடையைப் பெண்கள் தலையில் சுமந்து அந்தப் படிகளில் இறங்கினார்கள். ஒவ்வோர் ஊருக்கும் மேலே மலையில் ஒரு மாதா கோயில் அல்லது புனிதர் கோயில் இருக்கிறது. மொன்தெரொஸ்ஸோவுக்குச் சொவியோரே, வெர்னாட்சாவுக்கு ரெஜ்ஜோ, கொர்னீலியாவுக்குச் சான் பெர்னார்தீனோ, மனரோலாவுக்கு வொலாஸ்த்ரா, ரியோமஜ்ஜோரேக்கு மொன்தெநேரோ. திருவிழாவுக்கும் நேர்த்திக்கும் ஊர் முழுவதும் மேலே ஏறியது. நெடுந்தூரம் போக வேண்டியவர்களுக்கு முகட்டில், போர்த்தோவேனெரேயையும் லெவாந்தோவையும் இணைக்கும் உயர்வழி இருந்தது. அண்டை ஊருக்குச் சரக்குப் போக வேண்டுமானால் படகு இருந்தது. கடலோரமாகச் சரிந்துவிழும் பாறையை வெட்டி வழி போடவேண்டிய தேவை யாருக்கும் பெரிதாக எழவில்லை.

வண்ணங்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல். கடலிலிருந்து திரும்பும் மீனவர் தம் வீட்டைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளவே வீடுகளுக்கு இந்த நிறங்கள் பூசப்பட்டன என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். கேட்க இனிமையான கதைதான். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி மலையில் உழைத்த ஊர்களுக்கு அது பொருந்திவரவில்லை. சுண்ணாம்புக் காரையில் காவியும் செம்மண்ணும் கலந்து பூசுவது லிகூரியக் கரை முழுவதிலும் காணக்கூடிய கட்டட மரபு. அதன் ஒரு பகுதியாகவே இதைப் பார்க்க வேண்டும்.

பழைய நிலையைக் கண்ட வெளியாட்களில் முக்கியமானவர் புளோரன்ஸ் ஓவியர் தெலெமாக்கோ சிஞ்ஞோரீனி. 1860இல் அவர் முதன்முதலாக ரியோமஜ்ஜோரேக்குப் போனபோது ரயிலும் இல்லை, வண்டிச்சாலையும் இல்லை. லா ஸ்பெட்சியா பக்கத்திலிருந்து மலையைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. 1881க்குப் பிறகு அவர் பலமுறை திரும்பிவந்து, சந்துகளையும் சுமைதூக்கும் பெண்களையும் வரைந்தார். இந்த இரண்டு வருகைகளுக்கும் இடையில்தான் இவ்வூர்களின் வாழ்வு திசை மாறியது.

மாற்றியவை இரண்டு. 1869இல் லா ஸ்பெட்சியாவில் கடற்படையின் பெரும் தளவாடத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1874இல் செஸ்த்ரி லெவாந்தேக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. மலையைத் துளைத்துச் சுரங்கம் சுரங்கமாகப் போன அந்தப் பாதை ஒவ்வோர் ஊரின் வாயிலிலும் சிறிது வெளிச்சத்தைக் கண்டுவிட்டு மறுபடி இருளுக்குள் நுழைந்தது. வெர்னாட்சா நிலையத்தில் இறங்குபவர்கள் இன்றும் நடைமேடையின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் இருப்பதைப் பார்க்கலாம். அதுவரை மண்வெட்டியோடு மேலே ஏறிய ஆண்கள் மாதச் சம்பளத்துக்குத் தொழிற்சாலைக்குப் போனார்கள். மாலையில் திரும்பியும், ஞாயிற்றுக்கிழமையும் தோட்டம் பார்த்தார்கள். அதே ரயிலில் வேறு பகுதிகளின் மலிவு மது வந்து இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் திராட்சை வேரை அரிக்கும் பைலோக்சீரா பூச்சியும் வந்து சேர்ந்தது. தோட்டம் வாழ்வாதாரம் என்ற இடத்திலிருந்து மெல்ல இறங்கியது.

மனிதர்களைக் கரையோரமாக நடக்கப் பழக்கியதும் இந்த ரயில்தான். நிலையங்கள் எல்லாம் கடல்மட்டத்தை ஒட்டியே அமைந்தன. கடலுக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் மேலே இருக்கும் கொர்னீலியாவுக்கு நிலையத்திலிருந்து லார்தரீனா என்னும் செங்கல் படிக்கட்டு எழும்பியது. 382 படிகள். ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலுள்ள கதை இன்னும் தெளிவானது. 1920களில் ரயில் பாதையை விரிவாக்கச் சுரங்கம் தோண்டியபோது, வெடிமருந்தை ஊருக்கு வெளியே வைக்கவும் அங்கே போய்வரவும் பாறையில் வழி வெட்டினார்கள். வேலை முடிந்ததும் ஊர்க்காரர்கள் அந்த வெட்டை நீட்டி இரண்டு ஊர்களையும் இணைத்துக்கொண்டார்கள். மலைமேல் சுற்றி ஏறி இறங்க வேண்டிய தூரம் ஒரு கிலோமீட்டர் சமநடையாகச் சுருங்கியது. இரண்டு ஊர் இளைஞர்களும் மாலை நேரங்களில் சந்தித்துக்கொள்ளும் இடமாகி, ‘வியா தெல்லாமோரே’, காதல் வழி என்ற பெயரும் அதற்கு வந்தது. இன்று உலகெங்கும் பழங்காலச் சின்னம் போல விற்கப்படும் அந்த வழி, வெடிமருந்துக்காகப் பிறந்தது.

இக்கரையின் பெயரை வெளியே கொண்டுசென்றதில் இலக்கியத்துக்கும் பங்கு உண்டு. கவிஞர் எவ்ஜேனியோ மொந்தாலே சிறுவயதில் கோடைகளைக் கழித்தது மொன்தெரொஸ்ஸோவில் இருந்த குடும்ப வீட்டில். 1925இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில் இந்தக் கரையின் வெயிலும் சுவர்களும் நிறைந்திருக்கின்றன. 1975இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இப்பகுதியின் பெயர் இலக்கிய வாசகர்களிடமும் சென்று சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தை விரைவாகவே கடக்கலாம். இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், மேலடுக்குகள் புதர் மண்டின, இத்தாலிய மலையேற்றக் கழகத்தின் சிவப்பு வெள்ளைக் குறிகள் பாதைப் பாறைகளில் ஏறின, வெளிநாட்டுப் பயணிகள் முதுகுப்பையோடு வந்தார்கள். நிலத்தைக் காக்கும் முயற்சிகளும் நடந்தன. 1973இல் சிங்க்வே தெர்ரே மதுவுக்கும், அதன் இனிப்பு வகையான ஷாக்கெத்ராவுக்கும் பிறப்பிடத் தகுதி கிடைத்தது. பிற்பாடு, சரிவில் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் ஒற்றைத்தடச் சிறுவண்டிகள் தோட்டங்களுக்கு வந்தன. கூடை தலையிலிருந்து இறங்கியது. ஆனாலும் ஷாக்கெத்ராவுக்கான வேலை குறையவில்லை. பறித்த குலைகளை நிழலில் காற்றாட வாரக்கணக்கில் உலர்த்தி, அழுகிய மணிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்து, மிஞ்சியதைக் கையாலேயே காம்பிலிருந்து உதிர்த்துப் பிழிகிறார்கள். சாறு மிகக் கொஞ்சமே தேறும். கிடைக்கும் விலைக்கு இந்த உழைப்பைத் தர எத்தனை பேர் முன்வருவார்கள்?

1997இல் யுனெஸ்கோ போர்த்தோவேனெரேயையும் அருகிலுள்ள தீவுகளையும் சேர்த்து இப்பகுதியை உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது. ‘பண்பாட்டு நிலப்பரப்பு’ என்பதே அந்த ஏற்பின் அடிப்படை. கைபடாத இயற்கை என்று அல்ல, மனிதர் கட்டிய மலை என்று. 1999இல் தேசியப் பூங்கா அமைந்தது. இத்தாலியின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது இது. ‘நீலப் பாதை’ எனப்படும் இந்தக் கரையோர வழிக்குக் கட்டணச் சீட்டு வந்தது. நாலாயிரம் பேர்கூட வசிக்காத இடத்துக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வந்துபோகத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் நடந்தது அநேகமாக ஒரே பாதையில், கரையோரமாக. மேலே சுவர்கள் ஆளின்றி வயிறு தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்க்கும் உயரத்துக்கு அவர்களில் மிகச் சிலரே ஏறினார்கள்.

2011 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் மலை இறங்கிவந்தது. வெர்னாட்சாவின் நடுத்தெருவுக்கு அடியில் மூடப்பட்டு ஓடும் ஓடை, மேலிருந்து வந்த மண்ணையும் கல்லையும் மரத்தையும் தாங்க முடியாமல் தெருவிலேயே பாய்ந்தது. தரைத்தளக் கடைகளும் வீடுகளும் சேற்றில் புதைந்தன. வெர்னாட்சாவில் மூவரும், மொன்தெரொஸ்ஸோவில் ஒருவரும் இறந்தார்கள். பின்னர் நிலவியலாளர்கள் சரிவுகளை ஆராய்ந்தபோது தெரியவந்த ஒன்று முக்கியமானது. அண்மைப் பத்தாண்டுகளில் கைவிடப்பட்ட அடுக்குகளே அதிகம் சரிந்திருந்தன. நெடுங்காலம் முன்பே கைவிடப்பட்டுக் காடாகிவிட்ட சரிவுகள் ஓரளவு தாங்கின. சுவரைப் பார்க்க ஆள் இல்லை, மண்ணைப் பிடிக்க மரமும் இன்னும் வளரவில்லை. இந்த இடைப்பட்ட நிலைதான் மிக ஆபத்தானது. தோட்டத்தை விட்டுப்போன தலைமுறையின் காலத்தை இந்தக் கண்டுபிடிப்போடு பொருத்திப் பார்த்தால், 2011இன் அழிவை வானிலையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் காதல் வழியில் பாறை விழுந்து நான்கு ஆஸ்திரேலியப் பயணிகள் காயமடைந்தார்கள். பாதை மூடப்பட்டது. இரண்டு கோடி யூரோவுக்கும் மேல் செலவிட்டு, பாறைமுகத்தில் வலைகளும் நங்கூரக் கம்பிகளும் பொருத்தி, 2024 கோடையில்தான் அதைத் திறக்க முடிந்தது. இன்று அங்கே தனிச்சீட்டும் குறித்த நேரமும் உண்டு. ஒரு கிலோமீட்டர் கரைப்பாதைக்கு இத்தனை செலவு. அந்தப் பாறைமுகத்தில் வேறு வழியும் இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தொகையில் ஒரு பங்கு மேலே சுவர் அடுக்குகிறவரின் கூலிக்குப் போயிருந்தால் எவ்வளவு மலை நின்றிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சில நல்ல அடையாளங்களும் தெரிகின்றன. சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ, இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பொது மரபாகத் தன் பொருள்சாராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு மனரோலாவுக்கு மேலேயுள்ள சரிவில் சுவர்களை மீட்டுக் கட்டும் திட்டம் தொடங்கியது. சுவர் கட்டப் பயிற்சியும் அதில் அடக்கம். செருப்பு மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறுவோருக்குப் பூங்கா அதே ஆண்டு அபராதம் அறிவித்தது உலகச் செய்தியானது. சுவர்த் திட்டத்துக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை.

மனரோலாவுக்கும் கொர்னீலியாவுக்கும் இடையிலான கரைத்துண்டு மண்சரிவுகளால் பல ஆண்டுகளாக மூடியே கிடக்கிறது. அவ்விரண்டு ஊர்களுக்கிடையே நடக்க விரும்புகிறவர்கள் இப்போது மனரோலாவிலிருந்து படிப்படியாக வொலாஸ்த்ராவுக்கு ஏறுகிறார்கள், கடலுக்கு முந்நூறு மீட்டருக்கும் மேலே. அங்கிருந்து திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, சுவர்களின் விளிம்பிலேயே, கொர்னீலியாவை நோக்கிப் பாதை போகிறது. கொடி கட்டுகிறவர்களும் ஒற்றைத்தட வண்டியில் கல் ஏற்றுகிறவர்களும் வழியில் எதிர்ப்படுவார்கள். கரைத்துண்டைச் சீர்படுத்தித் திறந்த பின்னும் இந்த மேல்வழிக்கே நடைப்பயணிகளை முதலில் அனுப்ப வேண்டும் என்பதும், நீலப் பாதைச் சீட்டின் வருவாயில் நிலையான ஒரு பங்கை இந்த அடுக்குகளில் பயிர் செய்கிறவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பதும் மேலே கண்ட வரலாற்றிலிருந்து நான் வந்தடையும் முடிவுகள்.