அமெரிக்கப் பள்ளிக் கட்டடங்களில் கல்நார் ஒழுங்குமுறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்க்கவோ மாற்றியமைக்கவோ இடிக்கவோ அமர்த்தப்படும் ஒப்பந்தக்காரர்களும் அவர்களுடைய தொழிலாளிகளும், அக்கட்டடங்களின் பூச்சிலும் குழாயுறைகளிலும் தரையோடுகளிலும் பொதிந்துள்ள கல்நாரைக் கையாள வேண்டிய முறையை நிர்ணயிக்கும் சட்டங்களின் தொகுதி இது. 1970-க்குப் பின் படிப்படியாக உருவான இத்தொகுதியின் நடுநாயகம் 1986-ஆம் ஆண்டின் கல்நார் அபாய அவசர நடவடிக்கைச் சட்டம். அதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘அஹேரா’ என்பர். கல்நார் எங்கே இருக்கிறது என்பதை அறிவதும், பயிற்சியற்ற கை அதனைத் தீண்டாமல் காப்பதுமே இவ்விதிகளின் மூலக் கருத்து. பெயர்த்தெடுப்பது அதற்குரிய வழிகளில் ஒன்று.

பொருளும் நோயும்

செய்தற்கரிய காரியத்தைக் கல்லில் நார் உரிப்பதற்கு ஒப்பிடுவது தமிழ் வழக்கு. ஆயினும் கிரிசோட்டைல், அமோசைட், குரோசிடோலைட், டிரெமோலைட், ஆக்டினோலைட், அந்தோபிலைட் ஆகிய ஆறு தாதுக்கள் மெய்யாகவே நார் நாராக உரிபவை; இவற்றின் பொதுப்பெயரே கல்நார். எரியாத தன்மையும், வெப்பத்தை எளிதில் கடத்தாத தன்மையும், சிமெண்டோடு இசைந்து கலக்கும் குணமும் ஒருங்கே பெற்றிருந்தமையால், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் புதிய பள்ளிகள் விரைந்து எழுப்பப்பட்ட காலத்தில், தீயினின்றும் குழந்தைகளைக் காக்கும் பொருள் என்ற நம்பிக்கையோடு இது உருக்கு உத்தரங்களின் மேல் பீய்ச்சப்பட்டது. கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் போர்வையாயிற்று. கூரைத் தட்டிகளிலும் வினைல் தரையோடுகளிலும் கலந்தது.

அதன் தீமை முதலில் வெளிப்பட்டது ஆலைகளில். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கல்நார் ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷாவின் மரணத்தை டாக்டர் டபிள்யூ. இ. குக் 1924-இல் மருத்துவ இதழொன்றில் விவரித்தார். மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவரும் 1930-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1931-இல் அந்நாட்டில் ஆலைகளுக்கு விதிகள் பிறந்தன. ஆனால் 1960-இல் ஜே. சி. வாக்னரும் அவருடைய சகாக்களும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியிட்ட ஆராய்ச்சி, சுரங்கத்தில் வேலை செய்யாமல் சிறுவயதில் அதன் அண்மையில் வசித்தவர்களுக்கும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் நேர்ந்திருந்ததைக் காட்டிற்று. நியூயார்க், நியூஜெர்சிப் பகுதிகளில் குழாய்களுக்கு உறையிடும் தொழிலாளிகள் 632 பேரை ஆராய்ந்து 1964-இல் டாக்டர் இர்விங் செலிகாஃப் வெளியிட்ட முடிவுகள், கட்டட வேலையும் ஆலை வேலையைப் போலவே ஆபத்தானது என்பதை நிலைநாட்டின. தூசியைச் சுவாசித்தபின் நோய் தலைகாட்டப் பல பதிற்றாண்டுகள் செல்லக்கூடுமாதலால், வாழ்நாள் நெடிதாக முன்னிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய கவலை இதிலிருந்தே எழுந்தது.

முதல் விதிகள்

1973-இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், தீக்காப்புக்காகவும் வெப்பக்காப்புக்காகவும் கல்நாரைப் பீய்ச்சுவதைத் தடைசெய்தது. கல்நார் உள்ள கட்டடத்தை இடிக்குமுன் அறிவிக்க வேண்டும் என்ற நியதியும் அப்போது தோன்றியதே. தொழிலாளியின் பொருட்டு, ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் இருக்கலாகும் நார்களின் சராசரி எண்ணிக்கைக்கு 1972-இல் 5 என்று எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லை 1976-இல் 2 ஆகவும், 1986-இல் 0.2 ஆகவும், 1994-இல் 0.1 ஆகவும் இறங்கிய வரலாறு, பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட அளவு மறு காலத்தில் அவ்வாறு கருதப்படாமற்போன வரலாறேயாகும்.

பள்ளிகளுக்கென்றே 1982-இல் வந்த விதி, கையால் அழுத்தினால் பொடியாகும் கல்நார்ப் பொருள் உள்ளதா என்று சோதித்து, இருப்பின் ஊழியர்களுக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் தெரிவிக்கும்படி பணித்தது. கண்டபின் செய்ய வேண்டுவது யாது என்று அது கூறவில்லை. அச்சம் பரவிற்று, வழி தெரியவில்லை; ஆகவே சில பள்ளிகள் வாளா இருக்க, வேறு பல பள்ளிகள் தேவையா, போதுமா, பத்திரமானதா என்று அறியாமலே பெரும் பொருள் செலவிட்டு வேலைகளை நடத்தின. பூச்சில் அடங்கிக் கிடந்த நார், முறையறியாதவர்கள் சுரண்டியெடுக்கும்போது காற்றில் கலந்து, முன்னிருந்ததைவிட அதிக அபாயத்தை விளைவிக்கக்கூடும். ஏழைப் பள்ளிகளுக்குக் கடனும் மானியமும் வழங்க 1984-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டதெனினும் இக்குறை நீங்கவில்லை.

அஹேரா

இக்குறையை நீக்கும் பொருட்டு நிறைவேறிய அஹேராவில் ஜனாதிபதி ரீகன் 1986 அக்டோபர் 22-இல் கையொப்பமிட்டார். விரிவான விதிகள் மறு ஆண்டு அக்டோபரில் வெளியாயின. அரசாங்கப் பள்ளிகளும் இலாப நோக்கற்ற தனியார் பள்ளிகளும், தங்கள் கட்டடங்களைத் தகுதிபெற்ற பரிசோதகரைக் கொண்டு ஆராய்ந்து, நிர்வாகத் திட்டம் ஒன்றை எழுதி, யாவரும் பார்க்கும்படி அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையும் கட்டாயம். கல்நார் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கலந்த பொருளே இவ்விதிகளுக்கு உட்பட்டது. அதனைச் செப்பனிடுதல், பசைப்பூச்சால் இறுக்குதல், காற்றுப்புகாத தடுப்புக்குள் மறைத்தல், அகற்றுதல், வெறுமனே கண்காணித்தல் ஆகியவற்றுள் ஏற்றது எதுவென்பது பொருளின் நிலையைக் கொண்டு தீர்மானிக்கப்படும்.

ஒப்பந்தக்காரரின் கடமைகள்

பரிசோதகர், திட்ட நிர்வாகி, வேலை வரைவாளர், ஒப்பந்தக்காரர் அல்லது மேற்பார்வையாளர், தொழிலாளி என ஐந்து வகையினருக்குத் தனித்தனிப் பயிற்சியும் பரீட்சையும் விதிக்கப்பட்டன. தொழிலாளிக்கு மூன்று நாளும் ஒப்பந்தக்காரருக்கு நான்கு நாளுமாக இருந்த பயிற்சி, 1994-இல் முறையே நான்கும் ஐந்துமாக உயர்ந்தது. ஆண்டுதோறும் புத்தறிவுப் பயிற்சியும் உண்டு. மூன்று அடி நீளத்துக்கோ மூன்று சதுர அடிக்கோ மேற்பட்டுக் கல்நார் உதிர்ந்துவிட்டால், சான்றிதழ் பெற்றவர்களே அதைச் சீர்செய்யலாம்.

அகற்றும் வேலை நிகழும் அறை பிளாஸ்டிக் விரிப்புகளால் அடைக்கப்படும். உள்ளிருக்கும் காற்று வடிகட்டிகளின் வழியே உறிஞ்சப்படுவதால், தூசி வெளியேறாது வெளிக்காற்றே உட்புகும். பொருளை நீரால் நனைத்தே பெயர்த்து, ஈரம் உலராமல் பைகளில் கட்டுவர். தொழிலாளி அழுக்குடையைக் களையும் அறையினின்று நீராடும் அறைக்கும், அங்கிருந்து தூய அறைக்கும் செல்வான். வேலை முடிந்ததென்று ஒப்பந்தக்காரர் தாமே கூறிக்கொள்ள முடியாது. கண்ணுக்குத் தூசி தென்படவில்லை என்று உறுதியானபின், அவரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒருவர் காற்று மாதிரிகளை எடுப்பார். அவற்றை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பால் நோக்கி, மாதிரி எடுத்த வடிகட்டியின் சதுர மில்லிமீட்டருக்குச் சராசரி 70 நார்த்துணுக்குகளுக்கு மேல் இல்லையெனக் கண்டபின்னரே, அல்லது வெளிக்காற்றோடு ஒப்பிடுங்கால் மிகுதி இல்லையெனக் கண்டபின்னரே, வேலை முற்றுப்பெற்றதாகும். சிறு வேலைகளுக்கு எளிய சோதனையும் அனுமதிக்கப்பட்டது.

பிற்காலம்

பயிற்சிச் சான்றிதழ் என்னும் நியதி 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுக் கட்டடங்களுக்கும் வாணிகக் கட்டடங்களுக்கும் விரிந்தது. எனினும் காகிதத்தில் எழுதிய பரிசோதனை நம்பத்தகாததாயின் நேரும் அல்லலை 1993-இல் நியூயார்க் நகரம் கண்டது: முந்தைய ஆய்வுகள் பிழையானவை என்று கோடையில் தெரியவந்தமையால், ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளை மீண்டும் சோதிக்க நேர்ந்து, செப்டம்பர் 9-இல் தொடங்க வேண்டிய வகுப்புகள் 20-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயின.

கல்நாரின் உபயோகத்தையே பெரும்பாலும் ஒழிக்க 1989-இல் பிறந்த ஆணையை 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பகுதி ரத்து செய்தது. கிரிசோட்டைலின் இறக்குமதியையும் உபயோகத்தையும் நிறுத்தும் ஆணை 2024-இல்தான் வந்தது. அது சுவர்களுக்குள் முன்னமே குடிபுகுந்துவிட்டதை அகற்றுவதில்லை. 1988 அக்டோபர் 12-க்குப் பின் கட்டிய பள்ளிகூட, கல்நார் சேர்க்கக் குறிப்பிடவில்லை என்று கட்டடச் சிற்பியோ பொறுப்புப் பொறியாளரோ கையொப்பமிட்ட சான்று இருந்தாலே முதற்பரிசோதனையினின்று விலக்குப் பெறும். தொலைபேசி பழுதுபார்க்கவும் பூச்சிகளை ஒழிக்கவும் ஓரிரு நாளைக்கு வந்துபோகும் பணியாளருக்கும் கல்நார் இருக்கும் இடங்களைத் தெரிவிப்பது பள்ளியின் கடமை. ஆகவே பழைய பள்ளியொன்றில் ஒப்பந்தக்காரரின் வேலை, சுவரில் துரப்பணம் படுவதற்கு முன், அலுவலகத்தில் இருக்கும் அந்த நிர்வாகத் திட்டத்தைப் புரட்டுவதில் தொடங்குகிறது.