கூச்சலுக்குப் பிறந்த பெட்டி

வாக்ஸ் ஏசி30 பிறந்ததற்குக் காரணம் இசை இல்லை, கூச்சல். 1950களின் முடிவில் க்ளிஃப் ரிச்சர்டும் அவருடைய ‘ஷாடோஸ்’ குழுவும் மேடை ஏறினால், ரசிகைகள் போட்ட சத்தத்தில் கித்தார் காதில் விழவில்லை. குழுவிடம் இருந்ததோ வாக்ஸின் 15 வாட் பெட்டி, ஏசி15. இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டார்கள்.

கேட்டது இருவரிடம்: டார்ட்ஃபோர்டில் இசைக்கருவி வியாபாரம் செய்த டாம் ஜென்னிங்ஸ், அவருக்காக மின்சுற்று வடிவமைத்த டிக் டென்னி. டென்னியும் கித்தார் வாசிப்பவர்தான். அவர் செய்தது ரொம்ப நேரடியான வேலை. இரண்டு ஈஎல்84 வால்வு இருந்த இடத்தில் நான்கு. ஒரு 12 அங்குல ஸ்பீக்கருக்குப் பதில் இரண்டு. உயர்சுரம் மங்கலாக இருக்கிறது என்று முறையிட்டவர்களுக்கு ‘டாப் பூஸ்ட்’ என்ற சிறு சுற்றைப் பெட்டியின் பின்பக்கம் பொருத்திக் கொடுத்தார்கள். பிறகு அது நிரந்தரமாக உள்ளே போனது. இன்று ஏசி30இன் குரல் என்று நாம் சொல்வதில் பாதி அந்த ஒட்டுவேலைதான்.

1961 நவம்பரில் க்ளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸும் சிங்கப்பூர் ஹேப்பி வோர்ல்ட் அரங்குக்கு வந்து போனார்கள். அதன்பின் இங்கே கித்தார் குழுக்கள் மளமளவென்று முளைத்தன. 1964இல் ‘தி குவெஸ்ட்ஸ்’ குழுவின் ‘ஷாண்டி’, உள்ளூர்ப் பட்டியலில் பீட்டில்ஸ் பாட்டையே முதலிடத்திலிருந்து இறக்கியது. அந்தப் பீட்டில்ஸ் வாசித்ததும் வாக்ஸில்தான்.

பல்கலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணம் சுலபம்: உள்ளே போனது அப்படியே பெரிதாகி வெளியே வரணும். மாறி வந்தால் பிழை. ஏசி30 இந்தப் பரீட்சையில் தேறாது. வெளியே வருவதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிப் பிழையைச் சரிசெய்யும் எதிர்ப்பின்னூட்டம் பல ஆம்ப்களில் உண்டு. இதன் பவர் பகுதியில் கிடையாது. அதனால் சத்தத்தை ஏற்ற ஏற்ற, அலையின் முகடுகள் சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மழுங்குகின்றன, புதிய மேற்சுரங்கள் சேர்கின்றன. கம்பியை ஓங்கி அடித்தால் வால்வு ரெக்டிஃபையர் திணறி, மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறும். காதுக்கு அது சுரம் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். விரலை இளக்கினால் ஒலி தெளிந்துவிடும். கித்தார்க்காரர்கள் மயங்குவது இதில்தான். விரல் என்ன செய்ததோ அதற்குப் பெட்டி பதில் சொல்கிறது.

1960களின் பிற்பாதியில் டிரான்சிஸ்டர் வந்தது. எடை குறைவு, சூடு குறைவு, கண்ணாடி உடையும் பயமும் இல்லை. வாக்ஸே டிரான்சிஸ்டர் ஆம்ப்களைச் சந்தையில் இறக்கியது. 1967இல் ஜென்னிங்ஸ் தன் நிறுவனத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கைமாறிக் கைமாறி, 1992இல் வாக்ஸ் ஜப்பானின் கோர்க் வசம் போனது. ஆனால் வாசிப்பவர்கள் பழைய பெட்டியை விடவில்லை. குவீன் குழுவின் பிரையன் மே மேடையில் ஏசி30களை வரிசையாக அடுக்கினார். யூ2வின் எட்ஜ் 1964ஆம் ஆண்டுப் பெட்டி ஒன்றைப் பல ஆண்டுகள் கைவிடவில்லை.

30 கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தப் பெட்டியை இன்றும் மூச்சிரைக்கப் படியேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசிலோஸ்கோப்பில் பிழை என்று நாங்கள் குறித்துவைக்கும் அதே வளைவுக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள்.