நகரமைப்பும் காற்றின் திசையும்

மணலிச் சாலையில் செல்லும் பேருந்துகளில் ‘மாத்தூர் எம்.எம்.டி.ஏ.’ என்று நடத்துநர் குரல் கொடுப்பதை வடசென்னை மாணவர்கள் நன்கு அறிவர். ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த நான்கு ஆங்கில எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பழைய பெயர்ச் சுருக்கம். 1996-ஆம் ஆண்டில் ‘மெட்ராஸ்’ ‘சென்னை’ ஆனபோது சுருக்கத்தின் முதல் எழுத்தும் மாறியது. ஆனால் குழுமம் மனை பிரித்துக் கொடுத்த மாத்தூரிலும் அரும்பாக்கத்திலும் மக்கள் நாவில் பழைய எழுத்துகளே தங்கிவிட்டன.

மனை பிரிப்பது நில அளவைக்காரரின் வேலை. எந்த இடத்தில் மனை பிரிக்கலாம், எந்த இடத்தில் ஆலை எழலாம் என்று முன்கூட்டியே ஆராய்ந்து முடிவு செய்வது நகரமைப்பு என்னும் துறையின் வேலை. இத்துறை எவ்வாறு பிறந்தது, நம் வட்டாரத்துக்கு எப்போது வந்தது, வந்தபோது இங்கே ஏற்கெனவே என்னென்ன இருந்தன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். மூன்றாவது கேள்விதான் முக்கியமானது.

கோயிலை நடுவில் வைத்து வீதிகளை அடுக்கடுக்காக அமைத்த மதுரை நமக்குப் புதிதல்ல. ஆனால் இன்று நாம் நகரமைப்பு என்று சொல்வது அந்த மரபிலிருந்து வந்ததன்று. அது நோயிலும் புகையிலும் பிறந்தது. நீராவி எந்திரம் வந்தபின் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் காற்றும் கழிவுநீர் வடிகாலும் இன்றி நெருங்கிக் கிடந்தன. அவர்களது சுகாதார நிலை பற்றி எட்வின் சாட்விக் 1842-இல் அளித்த அறிக்கையின் விளைவாக 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் சினோ என்ற மருத்துவர் இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். புள்ளிகள் ஓர் அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன! நோயைத் தெருவின் வரைபடத்தில் தேடலாம் என்ற எண்ணம் அன்று வேரூன்றியது.

அடுத்து வந்தவர் எபனேசர் ஹோவர்ட். அவர் மருத்துவருமல்லர், பொறியாளருமல்லர்; பாராளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். 1898-இல் அவர் வெளியிட்ட நூலில் ‘தோட்ட நகர்’ ஒன்றைக் கற்பனை செய்தார். 32,000 பேர் வாழும் ஊர், நடுவே பூங்கா, வெளிவட்டத்தில் ஆலைகளும் இருப்புப் பாதையும், அதற்கும் அப்பால் வயல்கள். 1903-இல் இக்கருத்தை ஒட்டி லெச்வொர்த் என்ற ஊர் எழுந்தது. அங்கே ஆலைகளுக்கு ஊரின் கிழக்குப் பக்கத்தை ஒதுக்கினர். இங்கிலாந்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசும். ஆகவே கிழக்கே எழும் புகை ஊருக்குள் வராது. அந்நாட்டுப் பழைய ஆலை நகரங்கள் பலவற்றில் வசதி படைத்தோர் மேற்கிலும் ஏழைகள் கிழக்கிலும் வாழ்ந்ததற்கும் இக்காற்றே ஒரு காரணம்.

சென்னைக்கு இத்துறை வந்த கதை ஒரு போர்க்கதை. ஸ்காட்லாந்து நாட்டுத் தாவரவியல் பேராசிரியர் பேட்ரிக் கெடஸ் நகரங்களை உயிரினங்களைப் போல் ஆராய்ந்தவர். சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலில் தனியே வந்துகொண்டிருந்தன. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே எம்டன் மறுமாதம் கிளான் கிராண்டையும் கடலில் மூழ்கடித்தது. வரைபடங்களும் மாதிரிகளும் கடலுக்குப் போயின. லண்டன் நண்பர்கள் அவசரமாகச் சேகரித்து அனுப்பிய புதிய பொருள்களைக் கொண்டு 1915 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. (ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920-இல் எழுதியவரும் இதே கெடஸ்தான்.)

கெடஸ் வற்புறுத்திய விதி எளியது: முதலில் ஆய்வு, பிறகே திட்டம். மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை அல்லவா? இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்றார். மலையில் பிறக்கும் ஆறு கடலில் கலக்கும் வரையுள்ள நிலப்பரப்பு முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ள வேண்டும் என்பதும் அவர் கருத்து. இதுவே வட்டாரத் திட்டம் என்பதன் கரு.

கெடசின் நண்பர் லான்செஸ்டர் ‘சென்னையில் நகரமைப்பு’ என்ற பொருளில் எழுதிய நூல் 1918-இல் வெளிவந்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. ஏரி ஒன்றைத் தூர்த்து, நடுவே பூங்காவும் அதிலிருந்து பிரியும் சாலைகளுமாகத் தியாகராய நகர் அமைந்தது அந்தப் பத்தாண்டில்தான். பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர் வடசென்னைக்காரர். பெயருடைய நகரமோ தெற்கே!

வடக்கே என்ன நடந்தது? திட்டம் வரும் முன்பே தொழில் வந்துவிட்டது. 1856-இல் இராயபுரத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் துறைமுகமும் பெரம்பூர் ஆலைகளும் வந்தன. விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எழுந்தன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை 1969-இல் ஆண்டுக்கு 25 இலட்சம் டன் திறனோடு இயங்கத் தொடங்கியது. கச்சா எண்ணெய் துறைமுகத்திலிருந்து குழாய் வழியே வந்தது. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையமும் 1971-இல் மணலி உரத் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின.

இப்போது மற்றொரு வரிசை ஆண்டுகளைப் பாருங்கள். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971. பெருநகர வளர்ச்சிக் குழுமம் சட்டப்படி அமைந்தது 1974. முதல் முழுமைத் திட்டம் 1975. அதாவது நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பிரித்து, அபாயத் தொழில்களுக்குத் தனிப் பகுதியும் வகுத்தவர்கள் வரைபடத்தை விரித்தபோது மணலியில் புகைபோக்கிகள் நின்றுகொண்டிருந்தன. இருந்ததற்கு வண்ணம் தீட்டினார்கள் என்றே சொல்ல வேண்டும். இதற்கு அவர்களைக் குறை கூறிப் பயனில்லை; ஆலைகளின் இடத்தை முடிவு செய்தவை கப்பலும் இரயிலும் மலிவான நிலமுமே.

ஆலைகளை நகருக்கு வடக்கே வைத்தது காற்றின் கணக்கில் சரியா? மார்ச் முதல் செப்டம்பர் வரை சென்னையில் தெற்கு, தென்கிழக்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்தே காற்று மிகுதி. அப்போது வடக்கே எழும் புகை நகரை விட்டு விலகும். வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கணக்குத் தலைகீழாகும்.

ஆனால் இந்தக் கணக்கு நகரின் நடுவே நிற்பவருக்கு உரியது. மாத்தூரில் நிற்பவரின் கணக்கு வேறு. மாத்தூர் மணலி ஆலைகளுக்கு மேற்கே இருக்கிறது. வெயில் ஏறியதும் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இந்தக் கடற்காற்று சென்னைவாசிகளுக்குப் பிற்பகல் வரப்பிரசாதம். மாத்தூருக்கோ அது ஆலைகளைக் கடந்து வரும் காற்று. விநாடிக்கு 4 மீட்டர் வேகம், 2 கிலோமீட்டர் தொலைவு என்று கொண்டால் வந்து சேர 500 விநாடி போதும். எட்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம்.

உயரமான புகைபோக்கி போதாதா என்று கேட்கலாம். உயரத்தை இரு மடங்காக்கினால், தரையை எட்டும் புகையின் உச்ச அடர்வு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது உண்மையே. கடற்கரையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. கடலிலிருந்து வரும் குளிர்காற்று அடுக்குக் குலையாமல் அமைதியாக வரும். புகை அதில் சிதறாமல் கிடையாக மிதக்கும். உள்ளே செல்லச் செல்ல, சுடும் தரையிலிருந்து எழும் கொந்தளிப்பு மேலே உயர்ந்துகொண்டே வரும். அது புகையைத் தொடும் இடத்தில் மேலிருந்த புகை முழுவதும் தரைக்கு இழுத்து வரப்படும். அவ்விடம் ஆலைக்கு அடியில் அன்று, சில கிலோமீட்டர் உள்ளே! வரைபடத்தில் ‘தொழில்’ என்ற வண்ணம் முடிந்து ‘குடியிருப்பு’ என்ற வண்ணம் தொடங்கும் கோட்டைக் காற்று மதிப்பதில்லை.

பிறகு ஏன் அங்கே குடியிருப்பு? விடை எளிது. தொழிலாளி நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குப் போகும் தூரத்தில் வாழ வேண்டும். 1977 முதல் உலக வங்கிக் கடனுதவியுடன் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ‘மனையும் வசதிகளும்’ திட்டம் நடந்தது. அரசு சாலை, குடிநீர், வடிகால் தந்து சிறு மனைகளைப் பிரித்துக் கொடுக்கும். வீட்டை மக்களே கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்வார்கள். மாநகரம் கண்ட நல்ல யோசனைகளுள் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. ஏரியும் வயலுமாக இருந்த மாத்தூரிலும் குழுமத்தின் மனைப்பிரிவு எழுந்தது. நேரான தெருக்கள் கிடைத்தன. சொந்த வீடு என்ற நிம்மதி கிடைத்தது. வேலைக்கு அருகில் என்பதும் புகைக்கு அருகில் என்பதும் இங்கே ஒரே தொலைவாக அமைந்துவிட்டன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் இட்டபோது மணலி 76.32 பெற்றது. 70-ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசுற்ற பகுதி.

நீருக்கும் இதே நிலைதான். கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கலக்கிறது. 2021 நவம்பரில் பூண்டியின் உபரி நீர் திறக்கப்பட்டபோது, திட்டமிட்டு அமைத்த மணலி புதுநகரிலேயே வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் பரவி மீனவர் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. மலை முதல் கடல் வரை ஒரே அலகு என்று கெடஸ் சொன்னது இதைத்தான்.

மாத்தூர் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான பணியும் தொடங்கிவிட்டது. இத்தகைய திட்டத்தின் மீது ஆட்சேபணையையும் யோசனையையும் எழுத்தில் தெரிவிக்கும் உரிமையை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் எவருக்கும் தருகிறது.

மாத்தூர், மணலி, எண்ணூர் மாணவர்களுக்கு ஒரு செய்முறை. மொட்டை மாடியில் ஒரு கம்பு, அதன் நுனியில் மெல்லிய துணி, கையில் ஒரு திசைகாட்டி. காலை 7 மணி, பிற்பகல் 3 மணி, இரவு 9 மணி என நாள்தோறும் மூன்று முறை காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று குறியுங்கள். புகை நெடி இருந்தால் அருகில் ஒரு புள்ளி வையுங்கள். ஓர் ஆண்டு முடிந்ததும் எட்டுத் திசைகளுக்கும் நாள்களின் எண்ணிக்கைக்கேற்ற நீளத்தில் கோடுகள் வரைந்தால் பூவிதழ் போன்ற ஒரு படம் கிடைக்கும். புள்ளிகள் எந்த இதழில் குவிந்துள்ளன என்று பாருங்கள்.