இமானுவேல் செல்லரும் அமெரிக்கக் குடியேற்றச் சட்டச் சீர்திருத்தமும்

இமானுவேல் செல்லர் (1888 மே 6 – 1981 ஜனவரி 15) அமெரிக்கக் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவாக, 1923 முதல் 1973 தொடக்கம் வரை, இடைவிடாமல் உறுப்பினராக இருந்தவர். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர்; நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி அவருடைய தொகுதி. எந்த நாட்டில் பிறந்தவர், எந்த இனத்தவர் என்பதை வைத்துக் குடியேறிகளைப் பொறுக்கியெடுத்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்த 1965-ஆம் ஆண்டுச் சட்டம், செனட் சபையில் அதை முன்வைத்த பிலிப் ஹார்ட்டின் பெயரையும் இவர் பெயரையும் சேர்த்து ஹார்ட்–செல்லர் சட்டம் என்று வழங்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டு முறை 1924-இல் சட்டமானபோது அதை எதிர்த்துப் பேசியதுதான் சபையில் செல்லரின் முதல் முக்கிய உரை. இடையில் 41 ஆண்டுகள்.

செல்லரின் தாத்தா பாட்டி நால்வரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். தந்தையின் மதுபான வணிகம் நொடித்துப்போனது. அவர் வீடு வீடாகச் சென்று ஒயின் விற்றார். செல்லர் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தந்தை இறந்தார். ஐந்தாவது மாதம் தாயும் போனார். காலையில் வகுப்பு, பிற்பகலில் அப்பா நடந்த அதே தெருக்களில் ஒயின் வியாபாரம் என்று குடும்பத்தைச் சுமந்துகொண்டே சட்டம் படித்து, 1912-இல் பட்டம் பெற்றார். யூதர்களும் இத்தாலியர்களும் அயர்லாந்துக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த புரூக்ளின் அது. குடியேற்றம் அவருக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வாக்குக் கேட்டு அவர் ஏறிய படிக்கட்டுகளெல்லாம் குடியேறிகளின் வீட்டுப் படிக்கட்டுகள்.

1924-ஆம் ஆண்டுச் சட்டம்

அமெரிக்காவின் கதவு அதற்கு முன்பே சிலருக்கு மூடப்பட்டிருந்தது. 1882-இல் சீனத் தொழிலாளர்களுக்குத் தடை வந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை செய்யப்பட்ட மண்டலமாக்கியது. குடியுரிமை பெற 'வெள்ளையர்' ஆக இருக்க வேண்டும் என்ற 1790-ஆம் ஆண்டு விதியின்படி இந்தியர்கள் தகுதியற்றவர்கள் என்று பகத் சிங் திந்த் வழக்கில் 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர் திந்த். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆல்பர்ட் ஜான்சன், டேவிட் ரீட் இருவரின் பெயரால் அறியப்படும் 1924-ஆம் ஆண்டுச் சட்டம் ஐரோப்பாவுக்குள்ளேயே தரம் பிரித்தது. அமெரிக்காவில் ஒரு நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் 2 சதவீதம் பேர்தான் அந்த நாட்டிலிருந்து ஆண்டுதோறும் வரலாம். எந்தக் கணக்கெடுப்பின்படி? 1920-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு கையில் இருந்தது. ஆனால் சட்டம் எடுத்துக்கொண்டது 1890-ஐ. இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருந்திரளாக வந்தது 1890-க்குப் பிறகு. ஆண்டை மாற்றினாலே போதும், எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமல் அவர்களைத் தடுத்துவிடலாம். இந்தச் சூழ்ச்சியைத்தான் முதல் முறை உறுப்பினரான செல்லர் எழுந்து நின்று கேள்வி கேட்டார். மசோதா பெரும் வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அதிபர் கூலிட்ஜ் 1924 மே 26 அன்று கையெழுத்திட்டார்.

1929-இல் இன்னும் விரிவான சூத்திரம் வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,50,000 இடங்கள். அதில் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டும் 65,721. இத்தாலிக்கு 5,802. கிரேக்கத்துக்கு 307. இந்த எண்களைப் பார்த்தாலே சட்டம் எந்த முகங்களை விரும்பியது என்பது தெரிந்துவிடும்.

ஹிட்லரின் ஆட்சியில் இந்த எண்கள் உயிர் போகும் விஷயமாயின. 1933-க்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் ஜெர்மனிக்கென்று ஒதுக்கிய இடங்கள்கூட முழுதாக நிரப்பப்படவில்லை. விசா அதிகாரிகள் நிபந்தனைகளைக் கடுமையாகப் பயன்படுத்தினார்கள். அகதிகளை ஏற்கும்படி செல்லர் வெளியுறவுத் துறையோடு ஓயாமல் மோதினார். போருக்குப் பின் வீடிழந்தோருக்காக 1948-இல் வந்த சட்டத்தில் யூதர்களுக்குப் பாதகமாக இருந்த விதிகளை 1950-இல் திருத்தியதில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் அதற்குள் செத்திருந்தார்கள் என்பதை எந்தத் திருத்தமும் மாற்றிவிடாது.

ஆண்டுக்கு நூறு பேர்

செல்லரின் பெயர் இந்தியர்களின் வரலாற்றோடு இணைந்தது 1946-இல். கனெக்டிகட்டின் குடியரசுக் கட்சி உறுப்பினர் கிளேர் பூத் லூஸும் செல்லரும் சேர்ந்து கொண்டுவந்த சட்டத்தில் அதிபர் ட்ரூமன் அந்த ஆண்டு ஜூலை 2 அன்று கையெழுத்திட்டார். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 இடம், பிலிப்பைன்ஸுக்கு 100 இடம். நெரிசல் நேரத்து டவுன் பஸ் ஒன்றில் அடங்கிவிடும் கூட்டம். எண்ணிக்கையைவிட முக்கியம் உள்ளே இருந்த இன்னொரு வரி: இந்தியர்கள் இனிக் குடியுரிமை பெறலாம். இந்தியா லீக் ஆஃப் அமெரிக்காவின் தலைவர் ஜே.ஜே. சிங் பல ஆண்டுகள் வாஷிங்டன் அலுவலகங்களின் வாசலில் நின்று பெற்ற பலன் இது. கலிபோர்னியாவில் சொந்தப் பெயரில் நிலம் வாங்க முடியாமலிருந்த பஞ்சாபி விவசாயிகளுக்கு அந்த ஒரு வரி வாழ்க்கையையே மாற்றியது. அவர்களுள் ஒருவரான தலீப் சிங் சௌந்த் 1949-இல் குடிமகனாகி, 1956 தேர்தலில் வென்று செல்லர் இருந்த அதே சபைக்கு உறுப்பினராக வந்தார்.

குழுத் தலைவரும் உபகுழுத் தலைவரும்

1949-இல் செல்லர் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுத் தலைவரானார். குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்ற 1953–55 நீங்கலாக, சபையை விட்டுப் போகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அமெரிக்க நடைமுறையில் குழுத் தலைவரின் பலம் பெரிது. எந்த மசோதாவை விசாரணைக்கு எடுப்பது, எதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவது என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்வார். 1957, 1960, 1964 ஆகிய ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களும் 1965-இன் வாக்குரிமைச் சட்டமும் அவர் குழுவின் வழியாக வந்தவை. ஏகபோக நிறுவன இணைப்புகளைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர் பெயர் உண்டு.

குடியேற்றத்தில் மட்டும் அவர் கை கட்டப்பட்டிருந்தது. அவருடைய கட்சிக்காரரும் பென்சில்வேனியா உறுப்பினருமான பிரான்சிஸ் வால்டர், பழைய ஒதுக்கீட்டின் காவலர். செனட்டர் பாட் மெக்காரனும் வால்டரும் 1952-இல் கொண்டுவந்த சட்டம் குடியுரிமைக்கு இருந்த இனத் தடையை நீக்கியது. ஆனால் நாட்டுவாரி ஒதுக்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டது. ஆசிய வம்சாவளியினர் உலகில் எங்கே பிறந்திருந்தாலும் மூதாதையர் நாட்டின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டார்கள். லண்டனில் பிறந்த இந்தியரும் இந்தியாவின் அந்த நூறில் ஒருவராகத்தான் வரிசையில் நிற்க வேண்டும். செல்லர் எதிர்த்தார். ட்ரூமன் மறுப்பாணை போட்டார். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அதையும் தள்ளிவிட்டன. குடியேற்ற உபகுழுவின் தலைமை வால்டரிடம் இருந்தது. முழுக் குழுவின் தலைவர் செல்லராகவே இருந்தும், சீர்திருத்த மசோதாக்கள் உபகுழுவைத் தாண்டவில்லை.

1963 மே மாதம் வால்டர் இறந்தார். ஜூலையில் அதிபர் கென்னடி ஒதுக்கீட்டு முறையை ஒழிக்கும் திட்டத்தைக் காங்கிரஸுக்கு அனுப்பினார். செல்லர் கீழவையிலும் ஹார்ட் செனட்டிலும் மசோதாவை வைத்தார்கள். நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். அடுத்து வந்த லிண்டன் ஜான்சன் அந்தப் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டார்.

1965: பேரமும் வெற்றியும்

உபகுழுவின் புதிய தலைவர் ஒஹையோவின் மைக்கேல் ஃபீகன். வால்டரின் வழியில் அவரும் நீண்ட நாள் முட்டுக்கட்டை போட்டார். கடைசியில் ஒரு விலை வைத்து இறங்கி வந்தார். அரசின் வரைவு, கல்வியும் தொழில் திறனும் உள்ளவர்களுக்கு முதலிடம் தந்திருந்தது. ஃபீகன் அதைத் திருப்பிப் போட்டார்: குடும்ப உறவுக்கே பெரும் பங்கு, திறனுக்குச் சிறு பங்கு. அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்தானே. உறவை அளவுகோலாக்கினால் நாட்டின் முகம் மாறாது என்பது அவர் கணக்கு.

1965 ஆகஸ்ட் 25 அன்று பிரதிநிதிகள் சபை 318–95 என்ற கணக்கிலும், செப்டம்பர் 22 அன்று செனட் 76–18 என்ற கணக்கிலும் மசோதாவை ஏற்றன. செனட்டில் அதை நடத்திச் சென்றவர் செனட்டர் எட்வர்டு கென்னடி. இரண்டு கட்சிகளிலும் ஆதரவு இருந்தது. எதிர்ப்பு பெரும்பாலும் தென்மாநில ஜனநாயகக் கட்சியினருடையது. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜான்சன் கையெழுத்திட்டார்.

கிழக்கு அரைக்கோளத்துக்கு ஆண்டுக்கு 1,70,000 விசா. எந்த நாட்டுக்கும் 20,000-க்கு மேல் இல்லை. குடிமக்களின் துணைவர், மைனர் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் இந்த வரம்புக்கு வெளியே. மற்றவர்கள் ஏழு முன்னுரிமைப் பிரிவுகளில் வரிசைப்படுத்தப்பட்டார்கள். குடிமக்களின் உடன்பிறந்தாருக்கு 24 சதவீதம், உயர்கல்வித் தொழிலர், அறிவியலாளர், கலைஞர்களுக்கு 10 சதவீதம், அகதிகளுக்கு 6. மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக 1,20,000 என்ற உச்சவரம்பு வந்தது. செனட்டர்கள் டர்க்சனும் எர்வினும் அதில் பிடிவாதமாக நின்றார்கள். பாலுறவு நாட்டத்தின் பேரில் ஆளைத் தடுக்கும் ஒரு விதியும் இதே சட்டத்தில் நுழைந்தது. அது நீங்க 1990 ஆயிற்று. நாட்டின் பெயரால் பாகுபாடு கூடாது என்று நாற்பது ஆண்டுகள் போராடிப் பெற்ற சட்டத்துக்குள் இப்படி ஒரு பாகுபாடு இருந்ததை மறைக்கக் கூடாது.

சொன்னதும் நடந்ததும்

விவாதத்தின்போது சபைக்குச் செல்லர் ஓர் உறுதி அளித்தார். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அதிகம் பேர் வரமாட்டார்கள்; அவர்களுக்கு இங்கே உறவினர்கள் குறைவு என்றார். வாக்குச் சேகரிக்கச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அன்றைய நிலையில் அந்த வாதம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் ஒருவன் போய்ச் சேர்ந்தால் தம்பி தங்கைகளை அழைத்துக்கொள்வான் என்ற, எந்த ஆசியக் குடும்பமும் அறிந்த உண்மையை வாஷிங்டனில் பெரும்பாலோர் கணக்கில் எடுக்கவில்லை.

ஐரோப்பா செழித்துவிட்டது; அங்கிருந்து கிளம்ப ஆட்கள் குறைந்தார்கள். அதே 1965-இல் முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சட்டமாகி மருத்துவர்களின் தேவை உயர்ந்தது. சென்னையிலும் மதுரையிலும் படித்த மருத்துவர்களும் பொறியாளர்களும் அந்தப் பத்து சதவீத வாசல் வழியாகப் போனார்கள். ஐந்து ஆண்டில் குடிமக்களாகி, உடன்பிறந்தாரை 24 சதவீத வாசல் வழியாக அழைத்தார்கள். புரூக்ளினை அடுத்த குயின்ஸ் பகுதியின் ஃபிளஷிங்கில் 1977-இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயில், அந்த முதல் தலைமுறை எழுப்பியது. 1970-இல் அமெரிக்க மக்கள்தொகையில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 4.7 சதவீதம், 2015-இல் 13 சதவீதத்துக்கும் மேல். ஃபீகனின் கணக்கு முழுக்கப் பிசகியது.

மெக்சிகோ விஷயத்தில் விளைவு கசப்பானது. பருவகால விவசாயக் கூலிகளை அழைத்துவந்த பிராசெரோ திட்டம் 1964-இல் முடிந்தது. அடுத்து அரைக்கோள வரம்பு வந்தது. 1976-இல் நாட்டுக்கு 20,000 என்ற வரம்பும் மெக்சிகோவுக்கு நீண்டது. பண்ணைகளில் வேலை குறையவில்லை, வருபவர்களும் நிற்கவில்லை. முன்பு அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள் சீட்டில்லாமல் வந்தார்கள். 1986-இல் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்ட அங்கீகாரம் தரப்பட்டது. அதன் பிறகு முழுமையான தீர்வு எதுவும் சட்டமாகவில்லை. 2013-இல் செனட் 68–32 என்று ஏற்ற மசோதாவைக் கீழவை விவாதத்துக்கே எடுக்கவில்லை.

எல்லா நாட்டுக்கும் ஒரே வரம்பு என்ற கொள்கையின் இன்னொரு முகத்தை இன்று இந்தியர்கள் அனுபவிக்கிறார்கள். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டை ஆண்டுக்கு 1,40,000 என்று வைத்து, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று வரையறுத்தது. மற்ற நாடுகள் விட்டுவைத்த இடங்கள் மிஞ்சினால்தான் இந்தியாவுக்குக் கூடுதல். ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவு என்பது 1924-ஐப் பார்க்க நியாயம். பல ஆண்டுகளாக வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு, பிள்ளைக்கு 21 வயது நிறைந்து பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுபோகும் நாளில், அது நியாயமாகத் தோன்றாது.

இறுதிக் காலம்

பெண்களுக்குச் சம உரிமை அளிக்கும் அரசியல் சாசனத் திருத்தத்தைச் செல்லர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் குழுவில் விசாரணையே இல்லாமல் கிடப்பில் போட்டிருந்தார். வால்டர் அவருக்குச் செய்ததை அவர் பெண்களுக்குச் செய்தார். அவருடைய பொதுவாழ்வின் பெருங்குறை இது. 1970-இல் சக உறுப்பினர் மார்த்தா கிரிஃபித்ஸ் மற்ற உறுப்பினர்களின் கையொப்பம் திரட்டி அந்தத் திருத்தத்தைக் குழுவிலிருந்து மீட்டுச் சபைக்குக் கொண்டுவந்தார். 1972-இல் கட்சியின் உள்தேர்தலில் 30 வயது கடந்திருந்த வழக்கறிஞர் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன், 84 வயதுச் செல்லரைச் சில நூறு வாக்குகளில் தோற்கடித்தார்.

ஹோல்ட்ஸ்மன் பின்னாளில் நீதித்துறைக் குழுவின் குடியேற்ற உபகுழுத் தலைவராகி, எட்வர்டு கென்னடியோடு சேர்ந்து 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தை உருவாக்கினார். ஹார்ட்–செல்லர் சட்டத்தில் கம்யூனிஸ்ட் நாடுகளிலிருந்தோ மத்தியக் கிழக்கிலிருந்தோ தப்பி வருபவர்களுக்கென்று பெரும்பாலும் வரையறுக்கப்பட்டிருந்த அந்த ஆறு சதவீதப் பிரிவை அது நீக்கி, எந்த நாட்டவராயினும் அகதியாகலாம் என்றாக்கியது. அடுத்த ஆண்டு ஜனவரியில், பிறந்த புரூக்ளினிலேயே, செல்லர் காலமானார்.