தலைவர் இல்லாத பேரவை

ஓர் அமைப்பின் உறுதியை அறிய, அதன் பொறுப்பாளர் வர இயலாத நாளில் அது எவ்வாறு இயங்குகிறது என்று காண வேண்டும். பதவி பறிபோகவில்லை, பதவிக்கு உரியவர் மட்டும் அவையில் இல்லை. அவ்விடைக்காலத்தில் பணியை யார் நடத்துவது, எந்த எல்லை வரை நடத்துவது, உரியவரிடம் எப்போது ஒப்படைப்பது என்னும் மூன்று வினாக்கள் எழும். இம்மூன்றையும் இந்திய தேசிய காங்கிரஸ் 1921ஆம் ஆண்டு ஒருசேர எதிர்கொண்டது.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் அகமதாபாத்தில் கூடவிருந்த மாநாட்டிற்குத் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். டிசம்பர் 10ஆம் நாள் கல்கத்தாவில் அவர் கைதானார். மாநாடு தள்ளிப்போகவில்லை. தில்லியின் புகழ்பெற்ற யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் தாஸின் இடத்திலிருந்து அவையை நடத்தினார். தாஸின் தலைமையுரையைச் சரோஜினி நாயுடு படித்தார்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. சிறையிலிருந்த தாஸ், ‘சாகர சங்கீதம்’ படைத்த வங்கக் கவிஞர். அவையை நடத்திய அஜ்மல் கான், ‘ஷைதா’ என்னும் புனைபெயரில் கவிதை எழுதியவர். சரோஜினியின் கவித்திறமோ நாடறிந்தது. தமக்கெனச் சொல்வளம் உடைய அவர், அன்று மற்றொருவரின் உரைக்குத் தம் குரலைத் தந்தார். பதிலாளின் பண்பு இதுவே.

அம்மாநாடு இன்னும் தொலைநோக்குடன் ஒரு தீர்மானம் இயற்றியது. தொண்டர்கள் பெருந்திரளாகச் சிறைபுகும் நிலை இருந்ததால், காந்தியடிகளிடம் நிருவாக அதிகாரம் முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. நெருக்கடி நேர்ந்தால் தமக்குப் பின் ஒருவரை நியமிக்கும் உரிமையும் அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் இரண்டு வேலிகள் இடப்பட்டன. அகில இந்தியக் காங்கிரஸ் குழுவின் முன் ஒப்புதலின்றி அவரோ அவர் வழிவருவோரோ அரசுடன் சமாதான உடன்பாடு செய்தல் ஆகாது. காங்கிரசின் அனுமதியின்றி அதன் அடிப்படைக் கொள்கையை மாற்றுதலும் ஆகாது. அன்றாடப் பணிக்குத் தடையற்ற அதிகாரம், அடிப்படையைத் தொடுவதற்குப் பேரவையின் இசைவு என்பதே அத்தீர்மானத்தின் சாரம்.

பின்னர்த் தாஸ் விடுதலையானார். 1922 டிசம்பரில் கயாவில் கூடிய மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். ஓராண்டுக்கு முன் அவர் அமர இயலாத இடம் அவருக்கே மீண்டும் உரியதாயிற்று.

1930இன் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இம்முறை தொடர்சங்கிலியாக வளர்ந்தது. ஏப்ரல் 14ஆம் நாள் தலைவர் ஜவாகர்லால் நேரு கைதானபின் மோதிலால் நேரு இடைக்காலத் தலைவரானார். ஜூன் 30ஆம் நாள் அவரும் கைதாக, வல்லபபாய் படேல் அப்பொறுப்பை ஏற்றார். தராசனா உப்புக்களப் போராட்டத்திலும் காந்தியடிகளுக்குப் பின் அப்பாஸ் தயாப்ஜியும், அவருக்குப் பின் சரோஜினி நாயுடுவும் தலைமையேற்றனர். கைது செய்தால் இயக்கம் ஓயும் என்ற கணிப்பு பொய்த்தது.

எனினும் இச்சங்கிலியில் ஓர் இடரும் மறைந்திருந்தது. ஒருவர் மற்றொருவரை நியமிக்கும்போது, உறுப்பினர்களின் தேர்வுரிமை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. போர்க்காலத்தில் பொறுக்கத்தக்க இம்முறை வழக்கமாகிவிட்டால் அமைப்பு சிலரது உடைமையாகிவிடும். அகமதாபாத் தீர்மானத்தின் வேலிகள் எத்துணை இன்றியமையாதவை என்பது இங்கே விளங்கும்.

இலக்கிய அமைப்புகளுக்குச் சிறைவாசம் நேர்வதில்லை; நோயும் பணிமாற்றமும் நெடும்பயணமும் நேர்கின்றன. செயலாளர் மூன்று திங்கள் வர இயலாதபோது கூட்டம் நின்றுபோவதும் உண்டு. பார்த்துக்கொள்ள வந்தவர் பதவியிலேயே நிலைத்துவிடுவதும் உண்டு. முன்னது சோர்வு, பின்னது பிளவு. பதிலாளின் பெயரையும் அவரது அதிகார எல்லையையும் ஒப்படைக்கும் நாளையும் முன்கூட்டியே குறிப்பேட்டில் எழுதிவைக்கும் மன்றம் இவ்விரண்டையும் தவிர்க்கும்.